இரண்டு அயர்லாந்துக்கும் ஆடியவர்

1

டெனிஸ் ராஃப்டர் இறந்து ஓராண்டு ஆனதற்காகப் போன சனிக்கிழமை காலை எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை வைத்திருந்தோம். நான், என் மனைவி பிலோமினா, மகள் ஷீலா, எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் போலந்துக்கார அம்மாள், எங்கிருந்தோ வந்த இரண்டு ஐரிஷ் கிழவர்கள். மொத்தம் ஆறு பேர். புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார் பிரசங்கத்தில், "டெனிஸுக்கு விளையாட்டு என்றால் ரொம்பப் பிடிக்கும்" என்றார். பிறகு நித்திய வாழ்வைப் பற்றிப் பொதுவாகப் பத்து நிமிடம் பேசினார். காப்பி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தோம்.

விளையாட்டு பிடிக்குமாம். முத்துக் குளித்து மூச்சுப் போனவனை அடக்கம் செய்கிற இடத்தில் நின்று, இவருக்குக் கடல்காற்று பிடிக்கும் என்று சொல்வது போல.

டெனிஸ் ராஃப்டர் தன் நாட்டுக்காகக் கால்பந்து ஆடியவர். ஒரு நாட்டுக்காக அல்ல, இரண்டு நாட்டுக்காக. அந்த இரண்டுக்கும் பெயர் அயர்லாந்து. எப்படி என்று பின்னால் சொல்கிறேன். ஊரிலிருந்து நீங்கள் எழுதும் கடிதங்களில் தவறாமல் ஒரு வரி இருக்கிறது: அமெரிக்காவில் திறமைக்கு மரியாதை உண்டாமே என்று. உண்டு. திறமைசாலி யார் என்பதை யாராவது முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்திருந்தால் உண்டு. இல்லாவிட்டால் அவன் பனிக்காலத்தில் வாசல்படியில் உப்புத் தூவிக்கொண்டிருப்பான், யாரும் வழுக்கி விழாமல் இருக்க. டெனிஸ் எங்கள் கட்டடத்து வாசலில் பதினெட்டு வருடம் உப்புத் தூவினார்.

2

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

தூத்துக்குடியில் பிறந்தவன். சென்னையில் ஓர் அரசாங்க அலுவலகம் தன் கால்பந்து அணிக்காக எனக்குக் குமாஸ்தா வேலை கொடுத்தது. ஆறு வருடம் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். ஒரே ஒரு தடவை மாநில அணியோடு ரயிலேறினேன், மாற்று ஆட்டக்காரனாக. போட்டி முடியும்வரை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தேன். பிறகு பிலோமினாவுக்கு இங்கே ஜெர்சி சிட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவளுடைய பெட்டி படுக்கைகளோடு நானும் வந்து இறங்கினேன்.

இங்கே நம்மவர்களில் மூன்று ஜாதி. டாக்டர், இன்ஜினீயர், நர்ஸுடைய புருஷன். பார்சிப்பனியில் நடக்கும் தமிழ்ச் சங்க விழாக்களில் மூன்றாவது ஜாதிக்காரனுக்கு நாற்காலி அடுக்குகிற பொறுப்பு. அதனாலோ என்னவோ, முதல் வருடமே சங்கத் தலைவரான ஒரு டாக்டர் மேடையில், "நம்ம அந்தோணி இந்தியாவுக்கே ஃபுட்பால் ஆடினவர்" என்று என்னைக் காட்டியபோது, நான் எழுந்து திருத்தவில்லை. கைதட்டினார்கள். அடுத்த வருட விழா மலரில் அது அச்சாகவும் செய்தது. நாற்காலி அடுக்கக் கூப்பிடுவது நின்றது. பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் நடத்தும் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள்.

வேலை ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில். கூடவே நான் ஒரு நோட்டரி. நம் ஊரில் நோட்டரி என்றால் வக்கீல், கறுப்புக் கோட்டு, ஆலமரத்தடி மேஜை. இங்கே ஒரு விண்ணப்பமும் ஓர் உறுதிமொழியும் போதும். முத்திரையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கட்டடத்தில் யாருக்குக் கையெழுத்துச் சாட்சி வேண்டுமானாலும் என் கதவைத் தட்டுவார்கள்.

3

டெனிஸ் எங்கள் கட்டடத்துக்கு 'சூப்பர்'. நீங்கள் நினைக்கிற சூப்பர் இல்லை. கொதிகலனைப் பார்ப்பது, குழாய் ரிப்பேர், குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்குத் தள்ளுவது. இதையெல்லாம் செய்கிற ஆளுக்கு இங்கே அந்தப் பெயர். கட்டடத்தின் அடித்தளத்தில், கொதிகலன் அறையை ஒட்டி இரண்டு சின்ன அறைகளில் தனியாக இருந்தார். கலியாணம் ஆகவில்லை. இடது முழங்கால் மடங்காது. யாரோடும் நின்று பேசமாட்டார்.

ஒரு நாள் பிலோமினாவின் கடைப்பை கிழிந்து ஆரஞ்சுகள் மாடிப்படியில் உருண்டன. கீழே டெனிஸ் ஏணியின் முதல் படியில் ஒற்றைக்காலை வைத்து விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஆரஞ்சு துள்ளித் துள்ளி அவரிடம் வந்தது. அவர் குனியவில்லை. தரையிலிருந்த வலது காலைக் கொஞ்சம் தூக்கி, பாதத்தின் உள்பக்கத்தை லேசாகப் பின்னுக்கு இழுத்தார். ஆரஞ்சு அப்படியே நின்றது. தோல்கூடக் கன்றவில்லை. வேகமாக வருகிற பந்தை அப்படி உயிரடக்கி நிறுத்த எனக்கு ஆறு வருடத்திலும் கைவரவில்லை.

"எங்கே ஆடுனீங்க?" என்று கேட்டேன். அவர் பேசியது ஐரிஷ் இங்கிலீஷ். எனக்குக் கேட்டபடி தமிழில் எழுதுகிறேன்.

"பழத்தைப் பொறுக்கு, யாராச்சும் மிதிக்கப் போறாங்க."

"நானும் ஆடினவன். லெஃப்ட் பேக்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "வயித்தைப் பார்த்தா பந்தையே முழுங்கின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு விளக்கை மாட்டி முடித்தார். அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. என் மகள் பெயர் ஷீலா என்று கேட்டதும், "அது எங்க ஊர்ப் பேராச்சே. நீங்க எப்போ தூக்கிட்டுப் போனீங்க?" என்றார்.

4

அவருடைய கதையை இரண்டு பனிக்காலங்களில், கொதிகலன் அறையில், துண்டு துண்டாகத்தான் வாங்க முடிந்தது.

அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்ப்பவர். எட்டுப் பிள்ளைகள். டெனிஸ் பதினெட்டு வயதில் டப்ளினில் ஒரு சிறு அணிக்கு ஆடும்போது இங்கிலாந்திலிருந்து ஆள் பிடிக்க வந்தவன் பார்த்தான். அடுத்த வாரமே கப்பலேறி, வட இங்கிலாந்தில் பஞ்சாலைப் புகை மண்டிய ஓர் ஊரில் இறங்கினார். அவருடைய உண்மையான பெயர் ராஃப்டரி. ஆட்டத்துக்கு முன்னால் விற்கும் பெயர்ப்பட்டியல் தாளில் இடம் பற்றவில்லை என்று கிளப்காரர்கள் கடைசி எழுத்தை வெட்டினார்கள். வெட்டியது வெட்டியதுதான். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அந்தோணிமுத்து பெர்னாந்து என்று விமானம் ஏறிய நான் நியூயார்க்கில் இறங்கும்போது முத்து எஃப். அந்தோணி.

லெஃப்ட் ஹாஃப், அதாவது நடு வரிசையில் இடது பக்கம் ஆடினார். உலகப்போர் வந்து நல்ல வயதில் பெரும்பகுதியைத் தின்றது. போர் முடிந்ததும் தன் உச்சத்தில் நான்கைந்து வருடம். அப்போது அங்கே ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. இருபதாயிரம் பேர் சீட்டு வாங்கிப் பார்த்தாலும் அதற்கு மேல் கொடுக்கக்கூடாது. அதைவிட மோசம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனைக் கிளப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். வேறு கிளப்புக்குப் போக விடாது, தானும் ஆட வைக்காது. க்ரீன் கார்டுக்காக ஒரே கம்பெனியில் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கும் நம் பையன்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி இரண்டு அயர்லாந்து. நாடு பிரிந்தபோது கால்பந்தும் பிரிந்தது. வடக்கே பெல்ஃபாஸ்டில் ஓர் அணி, தெற்கே டப்ளினில் ஓர் அணி. இரண்டுமே தங்களைத்தான் அயர்லாந்து என்று சொல்லிக்கொண்டன. பெல்ஃபாஸ்ட்காரர்கள் தெற்கில் பிறந்தவனையும் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்வார்கள். அப்படி டெனிஸ் ஒரு சனிக்கிழமை பெல்ஃபாஸ்டில் அயர்லாந்துக்கு ஆடினார். அங்கே பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் பாட்டு. ரயிலேறி அடுத்த வாரம் டப்ளினில் அயர்லாந்துக்கு ஆடினார். அங்கே அதே ராஜாவை விரட்டியதைக் கொண்டாடும் பாட்டு.

"எதுக்கு நிமிர்ந்து நின்னீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும். குளிர் அப்படி."

"உங்களை யாரு தேர்ந்தெடுத்தா?"

"ஒரு கமிட்டி. அஞ்சு பெரிய மனுஷங்க. ஒருத்தர் கறிக்கடை, ஒருத்தர் ஜவுளி, இன்னொருத்தர் சவப்பெட்டி செய்றவர். ஆட்டம் முடிஞ்சதும் அஞ்சு பேருக்கும் விருந்து. எங்களுக்கு சாண்ட்விச்."

முழங்கால் போனது ஒரு சாதாரண லீக் ஆட்டத்தில், முதல் அரை மணி நேரத்துக்குள். அந்தக் காலத்தில் மாற்று ஆள் இறக்கும் வழக்கம் இல்லை. துணியைச் சுற்றிக் கட்டி, ஓரத்தில் போய் நில், எதிராளி ஒருவன் உன்னைப் பார்த்துக்கொண்டாவது நிற்பான் என்று மானேஜர் அனுப்பினார். ஒரு மணி நேரம் நொண்டினார். அந்த ஒரு மணி நேரத்தில் போனதுதான், திரும்பவில்லை. கிளப் அவரை விடுவித்து நன்றிக் கடிதம் கொடுத்தது. அதில் அவருடைய பெயர் தவறாக இருந்தது.

பிறகு ஜெர்சிப் பக்கம் ஐரிஷ்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் நடத்திய ஓர் அணி கூப்பிட்டது. பகலில் பீர் ஆலையில் பீப்பாய் உருட்டல், ஞாயிற்றுக்கிழமை புல்லுக்குப் பதில் கரித்தூள் கொட்டிய மைதானத்தில் ஆட்டம். அதுவும் ஓய்ந்தது. ஆலையும் மூடியது. எங்கள் கட்டடத்துக்கு வந்தார்.

இங்கே எண்பதுகளில் புறநகர்ப் பிள்ளைகள் எல்லாரும் 'சாக்கர்' ஆட ஆரம்பித்தார்கள். கோச் என்பவர் சனிக்கிழமை மட்டும் விசில் மாட்டிக்கொள்ளும் ஒரு பல் டாக்டர். புத்தகம் பார்த்துச் சொல்லிக்கொடுப்பார். எல்லாருக்கும் கோப்பை, தோற்றவனுக்கும். டெனிஸை ஒரு தடவை பார்க்கில் நிறுத்தி அந்த ஆட்டத்தைக் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்தார். "நல்ல காத்தோட்டம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

5

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வசந்த கால ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. பிலோமினா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, நம்ம சூப்பரு வந்து நிக்காரு. கையில காயிதம் வச்சிருக்காரு" என்றாள்.

டெனிஸ் உள்ளே வந்து உட்காரவில்லை. "நீ நோட்டரிதானே? நான் உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடு" என்றார்.

கடிதம் அயர்லாந்திலிருந்து வந்திருந்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பழைய ஆட்டக்காரர்களின் பட்டியல் புத்தகம் தயாரிக்கிறார். 'காலஞ்சென்ற டெனிஸ் ராஃப்டரின் உறவினர் யாரேனும்' என்று பழைய பீர் ஆலை விலாசத்துக்கு எழுதியிருந்தார். அது யார் யார் கையிலோ சுற்றி, காலஞ்சென்றவரின் கைக்கே வந்திருந்தது. கூடவே ஒரு செய்தி: பழைய ஆட்டக்காரர் சங்கம் ஒன்று, உயிரோடிருப்பவர்களையெல்லாம் டப்ளினுக்கு வரவழைத்து, அடுத்த வருடம் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தில் நிறுத்தி மரியாதை செய்யப்போகிறது. இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி. இவர் இரண்டாவது பட்டியலில் இருந்தார்.

"போகணுமா உங்களுக்கு?" என்றேன்.

"மௌன அஞ்சலியை நின்னு கேக்கணும்னு இல்லை" என்றார். ஆனால் கடிதத்தை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே இருந்தார். போகவேண்டும் என்று மனிதருக்கு உயிர் துடிப்பது எனக்குத் தெரிந்தது.

எழுதிக் கொடுத்தேன், முத்திரை குத்தினேன். போதவில்லை. உயிரோடிருக்கிறேன் என்று ஒரு மனிதன் சொன்னால் உலகத்தில் எந்த அலுவலகமும் நம்புவதில்லை, செத்துவிட்டான் என்றால் உடனே நம்புகிறது. தெற்கில் இருந்த சங்கம் எழுதியது: தாங்கள் முதலில் வடக்கு அணிக்கு ஆடியதால் தங்கள் விவரம் அவர்களிடம்தான் இருக்கும். வடக்கில் இருந்த சங்கம் எழுதியது: தாங்கள் தெற்கில் பிறந்ததால் அவர்களைக் கேட்கவும். ஒரே மனிதனை இரண்டு பேரும் எங்கள் ஆள் என்று இழுத்து ஆட வைத்தார்கள். இப்போது இரண்டு பேரும் உங்கள் ஆள் என்று தள்ளினார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போனால், ஞானஸ்நானப் பதிவேட்டில் ராஃப்டரி, பழைய ஆட்டப் பட்டியல்களில் ராஃப்டர், க்ரீன் கார்டிலும் ராஃப்டர், ஆனால் டெனிஸ் என்பதற்கு ஓர் எழுத்துக் கூடுதல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடு என்றார்கள். எழுதினேன். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்றார்கள். குடியிருப்பவன் என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் பெயரையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, உங்களுடையதும் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

6

கடிதங்களையெல்லாம் ஷீலாதான் டைப் செய்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு. நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். தூத்துக்குடி என்று சொன்னால் அவள் முகத்தில் வருகிற பொறுமை எனக்குப் பிடிக்காது. ஆனால் டெனிஸின் விஷயத்தில் அவளுக்கு ஒரு வெறி வந்தது. சனிக்கிழமைகளில் ரயிலேறி மன்ஹாட்டன் போய், நூலகத்தில் பழைய இங்கிலாந்துப் பத்திரிகைகளை மைக்ரோஃபிலிம் சுருளில் ஓட்டிப் பார்த்தாள். அவர் ஆடிய ஆட்டங்கள், அணிகள் எல்லாம் நோட்டில் ஏறின. கொதிகலன் அறையில் போய் உட்கார்ந்து அவரைச் சரிபார்க்கக் கேட்பாள். அவர் திட்டுவார், இவள் எழுதுவாள்.

எனக்கு எரிச்சல். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் என்னிடம், நீ எங்கே ஆடினாய், எப்படி ஆடினாய் என்று கேட்டதில்லை.

"அவரு ஒரு சூப்பரு. பரீட்சைக்குப் படிக்கதை விட்டுட்டு இதுக்கு ஏன் அலையுத?" என்றேன் ஒரு நாள்.

"டாட், திஸ் இஸ் ரியல். ஐ கேன் செக் இட்" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்பா ஆடினது மட்டும் பொய்யா?" என்று கேட்டுவைத்தேன்.

அவள் டைப் செய்வதை நிறுத்தினாள். அதே நூலகத்தில் இந்திய அணிகளின் பட்டியல் புத்தகமும் இருந்ததாம். போன மாதமே பார்த்துவிட்டாளாம். சங்கத்து மலரில் போட்டிருக்கும் வருடங்கள், முன்பின் வருடங்கள், எல்லாவற்றிலும் தேடினாளாம். பெர்னாந்து, அந்தோணி, முத்து, மூன்று பெயரிலும் தேடினாளாம்.

"இட்ஸ் ஓகே, டாட்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "எவ்ரிபடி லைஸ் அட் சங்கம்."

கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அடுப்படியிலிருந்த பிலோமினா ஈரக்கையோடு வந்து நின்று, திரும்பிப் போனாள். அவளுக்கு எலுமிச்சம்பழம் உட்பட எல்லாம் தெரியும். இத்தனை வருடம் மேடைக்குக் கீழே உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து கைதட்டியிருக்கிறாள்.

மறுநாள் சங்கத் தலைவருக்கு ஃபோன் செய்து, மலரில் வந்தது தப்பு, நான் இந்தியாவுக்கு ஆடவில்லை, இந்த வருடமாவது திருத்திப் போடுங்கள் என்றேன்.

"விடுங்க அந்தோணி. யாரு செக் பண்ணப் போறா?" என்றார் டாக்டர். "நம்ம கிட்ஸுக்கு ஒரு இன்ஸ்பிரேஷனா இருக்கட்டும்."

அந்த வருட மலரிலும் அதே வரி வந்தது. படம் மட்டும் பெரிதாகியிருந்தது.

7

கடைசியில் பள்ளி ஆசிரியர் ஒரு வழி சொன்னார். டெனிஸோடு அந்த டப்ளின் ஆட்டத்தில் ஆடியவர்களில் கோல்கீப்பர் காஃப்ரி என்பவர் இங்கிலாந்தில் இருக்கிறார். இவர்தான் டெனிஸ் என்று காஃப்ரி சொன்னால் சங்கம் ஏற்றுக்கொள்ளும். காஃப்ரி எழுதிய கடிதத்தையும் ஆசிரியர் எங்களுக்கு அனுப்பியிருந்தார். அதில் ஒரே கேள்வி: 'இவன் ராஃப்டர் என்றால், அன்றைக்கு ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் என்னிடம் என்ன சொன்னான் என்று கேளுங்கள்.'

டெனிஸிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் சிவந்தது.

"ஒண்ணும் சொல்லலை. அந்த முட்டாள்கிட்ட யாரு பேசுவா? பூட்ஸைத் தூக்கி எறிஞ்சேன்."

விஷயம் இதுதான். இங்கிலாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் ஒரே கோல். கடைசிப் பத்து நிமிடத்தில் எதிரணியின் பந்து ஒன்று டெனிஸைத் தாண்டிக் கோல் பக்கம் உருண்டது. கோல்கீப்பர் வெளியே வந்து எடுப்பார் என்று டெனிஸ் விட்டார். டெனிஸ் திரும்பி உதைத்துத் தருவார் என்று கோல்கீப்பர் உள்ளேயே நின்றார். நடுவில் ஓர் இங்கிலாந்துக்காரன் ஓடி வந்து தட்டிவிட்டுப் போனான். அதன் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

பூட்ஸ் என்று எழுதி அனுப்பினோம். காஃப்ரி சங்கத்துக்கு எழுதிய பதிலின் பிரதி வந்தது. 'அவன்தான். துரதிர்ஷ்டவசமாக உயிரோடுதான் இருக்கிறான்.' பாஸ்போர்ட் அலுவலகமும் இரண்டு சங்கங்களும் ஒரு வருடமாகச் செய்ய முடியாததை ஒரு பகையாளி ஒரு வரியில் செய்து முடித்தார்.

சங்கம் கொடுத்த கடிதத்தைக் காட்டியதும் பாஸ்போர்ட்டும் கிடைத்தது. டெனிஸ் டப்ளினுக்குப் போனார். முப்பது வருடத்துக்குப் பிறகு. போவதற்கு முன்னால் இங்கே ஒரு வாரப் பத்திரிகை அவர் படத்தைப் போட்டது. அன்று மாலையே டாக்டர் ஃபோனில் வந்தார். "உங்க ஃப்ரெண்டு பெரிய லெஜெண்டாமே. நம்ம ஆனுவல் டேக்குச் சீஃப் கெஸ்ட்டா கூட்டிட்டு வாங்க." டெனிஸிடம் சொன்னேன். "போன வருஷம் வரைக்கும் நான் செத்தவன். செத்தவனை ஒருத்தனும் விருந்துக்குக் கூப்பிடலை. நிம்மதியா இருந்தேன்" என்றார்.

திரும்பி வந்தவரை நானும் ஷீலாவும் ஏர்போர்ட்டில் ஏற்றிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து, பிலோமினா போட்ட டீயைக் குடித்து முடித்த பிறகு சொன்னார். ஒன்பது கிழவர்களை இடைவேளையில் வரிசையாக நிறுத்தினார்களாம். ஜனங்கள் டீக்கும் கழிவறைக்கும் எழுந்து போயிருந்தார்களாம். மைக்கில் பெயர் வாசித்தவன் அவருடைய பெயரைச் சரியாகவே சொன்னானாம், முழுசாக, ராஃப்டரி என்று. அதனால் அந்தப் பெயர் யாருக்கும் அடையாளம் தெரியவில்லையாம்.

"பக்கத்துல யாரு நின்னா?" என்றாள் ஷீலா.

"காஃப்ரி."

"பேசினீங்களா?"

"நான் எதுக்குப் பேசணும். அவன்தான் முன்னாடி பார்த்துக்கிட்டே, நீ அதை எனக்குத் திருப்பி உதைச்சிருக்கணும்னான். நீ வெளியே வந்திருக்கணும்டான்னேன். ரெண்டாவது பாதி ஆரம்பிச்சு எங்களைத் தள்ளிட்டுப் போற வரைக்கும் அதையே பேசினோம்." கோப்பையைக் கீழே வைத்தார். "நல்ல நாளு" என்றார்.

அந்தப் பனிக்காலத்திலேயே இறந்தார். நெஞ்சுவலி. பிலோமினாவின் ஆஸ்பத்திரியில், அவள் வார்டில் இருந்த பகல் வேளையில்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து டெனிஸ் பெயருக்குக் காஃப்ரியிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. உள்ளே வரி போட்ட தாளில் பென்சிலால் மைதானத்தின் பாதி வரையப்பட்டிருந்தது. கோல், பெனால்டிக் கட்டம், பந்து போன பாதை, ஆட்டக்காரர்கள் நின்ற இடத்தில் வட்டங்கள். கீழே, 'நீ நின்ற இடம் உனக்கு மறந்துவிட்டது. நன்றாகப் பார்த்துவிட்டுப் பதில் எழுது' என்று இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துப் பார்த்தேன். நான் மாற்று ஆட்டக்காரனாக இருக்கலாம், ஆனால் லெஃப்ட் பேக். இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது. கோல்கீப்பருக்கும் பந்துக்கும் நடுவில் அவர்களுடைய ஆளே ஒருவன் நிற்கிறான். காஃப்ரிக்குப் பந்து தெரிந்திருக்கவே வழியில்லை. டெனிஸுக்கு எதிரே யாரும் இல்லை. திரும்பி உதைக்க வேண்டிய நேரம் இருந்தது, இடமும் இருந்தது.

பிலோமினா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "யாரு பக்கம் ஞாயம்?"

நான் ஷீலாவைக் கூப்பிட்டு டைப்ரைட்டர் முன்னால் உட்கார வைத்தேன். டெனிஸ் இறந்த செய்தியை, எங்கே அடக்கம், என்ன பூசை என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் டைப் செய்தாள். கடைசிப் பத்தியைச் சொன்னேன்: 'உங்கள் படத்தை நான் கவனமாகப் பார்த்தேன். நானும் தடுப்பாட்டக்காரன். டெனிஸ் சொன்னதுதான் சரி. நீங்கள் வெளியே வந்திருக்க வேண்டும்.'

ஷீலாவின் விரல்கள் நின்றன. படத்தைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

"டாட், இஸ் தட் ட்ரூ?"

"இல்லை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தாளை ஒரு வரி மேலே ஏற்றி, நான் சொன்னபடியே டைப் செய்தாள்.